உப்பளத்து வரப்பில் திறந்த பெட்டி

என் தம்பியின் நிச்சயதார்த்தமும் நாங்கள் பெட்டியைத் திறக்கும் வேலையும் ஒரே நாளில் வந்து விழுந்தன. முதலாவதற்கு நாள் குறித்தவர் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார். இரண்டாவதற்குக் குறித்தவர் ஜெனிவாவில் இருந்த எங்கள் குழுத் தலைவி. இருவரிடமும் நாளை மாற்றச் சொல்லிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பெட்டி என்றால் நிஜப் பெட்டி இல்லை. நான் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். ஜெனிவாவுக்குப் பக்கத்தில், பூமிக்கடியில், பெரிய வளையம் ஒன்றுக்குள் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோத வைக்கிறார்கள். மோதலில் சிதறுவதையெல்லாம் சுற்றிலும் இருக்கும் கருவிகள் பதிவு செய்துகொள்ளும். நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் அதைவிடக் கனமான ஜோடித் துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கை சொல்கிறது. அதற்கு சூப்பர்சிமெட்ரி என்று பெயர். கணக்கு அவ்வளவு அழகாக இருக்கிறது. துகளைத்தான் இதுவரை ஒருவரும் கண்டதில்லை. அந்தப் பதிவுகளுக்குள் அதைத் தேடுவது என் பிழைப்பு.

அம்மா இதை மரக்காணம் முழுக்கத் தன் பாணியில் சொல்லி வைத்திருந்தார். "அவ துகளுக்கெல்லாம் ஜோடி தேடிக்கிட்டிருக்கா. உனக்கு ஒண்ணு தேடுடின்னா நேரமில்லன்றா." ஊருக்கு வரும்போதெல்லாம் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "என்னம்மா, கெடைச்சுதா?" என்று கேட்பார்கள். எந்த ஜோடியைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பதால் பிரச்சினை இல்லை.

கண்ணில் படாத துகளை எப்படித் தேடுவது என்றும் கேட்பார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காயை ஓங்கி அடித்தால் சில்லுகள் நாலாபக்கமும் தெறிக்கும். அத்தனை சில்லும் ஒரே பக்கமாகப் போய் விழுந்திருந்தால், எதிர்ப்பக்கம் நமக்குத் தெரியாமல் எதுவோ பறந்திருக்க வேண்டும். ஜோடித் துகள்களில் மிக லேசானது எந்தக் கருவியிலும் தடம் விடாமல் நழுவிவிடும் என்று நினைக்கிறோம். அதனால் அப்படி ஒருபக்கமாகச் சரிந்த மோதல்களைப் பொறுக்கி எடுக்கிறோம். ஆனால் தெரிந்த துகள்களிலேயே சில அப்படி நழுவி நம்மை ஏமாற்றும். அவை எவ்வளவு ஏமாற்றும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு முடிகிறவரை, துகள் இருக்கக்கூடிய பகுதியில் நிஜப் பதிவு என்ன காட்டுகிறது என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் மனசு ஆசைப்பட்ட பக்கம் கை கணக்கைத் தள்ளிவிடும். அந்த மூடிய பகுதியைத்தான் பெட்டி என்கிறோம்.

என்னோடு அந்தக் கணக்கைப் போட்டவர் ஓர் இத்தாலிக்காரர். வருடக்கணக்கில் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். ஒரு வரைபடத்துக்கு என்ன நிறம் வைப்பது என்பதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் பெட்டியைத் திறப்பது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று ஒப்பந்தம். கம்ப்யூட்டருக்குக் கடைசிக் கட்டளையை நான் கொடுக்க வேண்டும், அவர் கூட இருக்க வேண்டும். நான் ஊருக்குக் கிளம்பியபோதும் அதையே சொன்னார். "நீ எங்கே இருந்தாலும் சரி. நீ வராமல் நான் திறக்க மாட்டேன்."

கூட்டம் அவர்களுக்கு மதியம், எனக்குச் சாயங்காலம் ஐந்தரை. நிச்சயதார்த்தம் அனுமந்தையில், பெண் வீட்டில், அதற்கு முன்பே தொடங்கிவிடும். மோதிரம் மாற்றி, சாமியார் ஜெபம் சொல்லி, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நான் ஏதாவது ஓர் அறைக்குள் நழுவிவிடலாம் என்பது திட்டம். லேப்டாப்பை வெற்றிலை பாக்குப் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து மூடினேன். வேனில் ஏறும்போது அம்மா பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடி இவ்ளோ கனம் கனக்குது?"

"பழம்மா."

அம்மா பழத்தை நகர்த்திப் பார்த்தார். "மாப்ள வீட்டு அக்கா கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாரே தவிர, அதை வெளியே எடுக்கவில்லை.

பெண்ணை அதற்கு முன் நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். மீன்பிடிக் குடும்பம், அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு. அவள் கிளியனூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தாள். எங்கள் பங்கில் ஒரு பெரியம்மா சொல்லி வந்த சம்பந்தம். தம்பி, "நீங்க யாரப் பாத்துச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லியிருந்தான். அப்படிப்பட்ட பிள்ளை இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும் என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பெண் அன்று பச்சைப் பட்டில், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். மோதிரம் போட்டபோதும் நிமிரவில்லை. ரொம்ப அடக்கம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எல்லோரும் பந்தலுக்குச் சாப்பிடப் போனார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். இணையம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்துகிறவர்களின் பொக்லைன் எங்கேயோ கேபிளை அறுத்துவிட்டதாம். காலையிலிருந்தே ஊரில் யாருக்கும் நெட் வரவில்லை, நான்தான் கவனிக்கவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டுப்புடவையில் வீட்டைச் சுற்றி வந்தேன். மொட்டை மாடிக்குப் போனேன். கிணற்றடிக்குப் போனேன். கையில் கேசரித் தட்டோடு தம்பி பின்னாலேயே வந்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்."

"நாலு வருஷ வேலைடா."

"அந்த இத்தாலிக்காரு தொறக்கட்டுமே."

"அவர் நான் வராம தொறக்க மாட்டாரு. எங்க தலைவி வேற ரயிலுக்குப் போகணும். இன்னிக்கு விட்டா அடுத்த மாசந்தான்."

அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. பெண் நின்றிருந்தாள். முதல் முறையாக முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அண்ணி, உங்களுக்கு சிக்னல் வேணுமா?"

"ஆமாம்மா."

"ஒரு எடம் இருக்குது. வண்டியில போனா உடனே போயிடலாம். வாங்க."

"நீ எப்படி வருவ? உனக்குத்தானே நிச்சயம்?"

"அது முடிஞ்சிடுச்சே அண்ணி. இப்ப பிரியாணி வந்திருக்குது. யாரும் நம்மளத் தேட மாட்டாங்க." கழுத்து மாலையைக் கழற்றித் துணிக்கொடியில் மாட்டினாள். புடவைக் கொசுவத்தை இடுப்பில் ஏற்றிச் செருகினாள். ஸ்கூட்டரை உதைத்தாள். தம்பி கேசரித் தட்டோடு வாயைப் பிளந்து நின்றான். அவனிடம் அவள் போகிற போக்கில், "யாராவது கேட்டா தலவலின்னு சொல்லுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

அடக்கம் என்று யாரோ சொன்னதை நினைத்து எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக இரண்டு பேர், பின்னால் இருப்பவள் மடியில் வெற்றிலைப் பை. சாலையில் தள்ளுவண்டிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போய் மேற்கே ஒரு மண்பாதையில் திரும்பினாள். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தேங்கிய நீரும் உப்பும் வெயிலை வாங்கி முகத்தில் அடித்தன. வேலைக்காரர்கள் விடியற்காலையில் வந்து முற்பகலிலேயே போய்விடுவார்கள் என்பதால் ஓர் ஆள் இல்லை. வரப்பு மேல் வண்டி குதித்துக் குதித்துப் போனது. குதிக்கிற ஒவ்வொரு தடவையும் அவள், "பைய புடிச்சுக்குங்க அண்ணி" என்றாள்.

நீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை ஒன்றின் பக்கத்தில், மதகுக் கட்டையை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். போனை எடுத்துப் பார்க்கவே இல்லை. "இங்க உக்காருங்க. கொஞ்சம் அந்தாண்ட நகந்தா வராது" என்று ஒரு கல்லைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். சிக்னல் முழுசாக வந்தது.

"கழுவெளி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு டவர் இருக்குது. அதுக்கு வேற லைன்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா தெரியும்." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்து, கூட்டத்துக்குள் நுழைந்தேன். தலைவி கோட்டைப் போட்டுக்கொண்டு, பயணப் பெட்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். இத்தாலிக்காரர் என் மல்லிகைப் பூவையும் நகையையும் பின்னால் தெரிந்த வெள்ளை வெளியையும் பார்த்துவிட்டு, "அங்கே பனி பெய்கிறதா?" என்றார். உப்பு என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். கணக்கு முடிந்தது, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் பதிவுகளின் ஒரு பகுதியை மட்டும் திறப்பது, மீதியைப் பிறகு சேர்ப்பது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். கட்டளையைக் கொடுத்தேன்.

கட்டளை கொடுத்த உடனே விடை வராது. அங்கே எங்கேயோ வரிசையாக இருக்கும் கம்ப்யூட்டர்கள் மெதுவாக எண்ணிக்கொண்டிருக்கும். காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மறுபடியும் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. இந்தக் கல்லு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "உங்க தம்பிகிட்ட ரெண்டு வருஷமா வீட்டுக்குத் தெரியாம இங்க உக்காந்துதான் போன்ல பேசுறேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "எங்க தம்பியா? அவன் நீங்க யாரச் சொன்னாலும் சரின்னு சொன்னானே?"

"ஆமா. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"அப்ப அந்தப் பெரியம்மா?"

"அவங்க பிரஷர் மாத்திர எங்க கடையிலதான் வாங்குவாங்க அண்ணி. ஒவ்வொரு தடவையும் மாத்திரையக் குடுக்கறப்ப, மரக்காணத்துல நல்ல பையன் யாருனா இருந்தா சொல்லுங்க பெரியம்மா, கோயில்ல கிதார் வாசிக்கிற மாதிரி, கொஞ்சம் ஒசரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, அப்படின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆறு மாசத்துல அவங்களுக்கே திடீர்னு தோணிடுச்சு."

கோயிலில் கிதார் வாசிக்கும், கண்ணாடி போட்ட, உயரமான பையன் மரக்காணத்தில் ஒரே ஒருவன்தான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவளும் சிரித்தாள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கல்லிலிருந்து நழுவியபோதுதான், ஒலிவாங்கியை அணைக்கவில்லை என்பது நினைவு வந்தது.

"அங்கே எல்லாம் நலமா?" என்று ஜெனிவாவிலிருந்து தலைவி கேட்டார்.

நலம் என்றேன். அதே நேரத்தில் இத்தாலிக்காரர், "வந்துவிட்டது" என்றார்.

வெயிலில் திரையில் வந்த வரைபடம் தெரியவில்லை. அவள் தன் தலைப்பை விரித்து என் தலைமேலும் தன் தலைமேலும் லேப்டாப்பின் மேலும் போர்த்தினாள். பச்சை வெளிச்சத்துக்குள் இரண்டு பேரும் மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். விதிப்படி வெளியாள் அதைப் பார்க்கக் கூடாது. அவள் தலைப்புக்குள் இருந்துகொண்டு அவளை வெளியே போ என்று எப்படிச் சொல்வது.

"கலர் பட்டைங்க நாங்க போட்ட கணக்கு. கறுப்புப் புள்ளிதான் நெஜம்" என்று கிசுகிசுத்தேன். "புள்ளி பட்டையோட நெத்தியில உக்காந்திருந்தா புதுசா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

அவள் விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனாள். "உக்காந்திருக்குது. உக்காந்திருக்குது. இதுவும் உக்காந்திருக்குது." வலது ஓரம், கனமான துகள் இருந்தால் தெரியக்கூடிய இடம் வந்தது. விரல் நின்றது. "அண்ணி, இது உக்காரல. மேல நிக்குது."

நின்றது. அதற்கு அடுத்ததும் நின்றது. இத்தாலிக்காரர் தன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இது தற்செயலாகவும் இருக்கலாம்" என்றார். "அப்படி இருக்கத்தான் அதிக வாய்ப்பு. யாரும் வெளியே பேசக் கூடாது." குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ரயில் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். "போகட்டும்" என்றார்.

கூட்டம் முடிந்து லேப்டாப்பை மூடிய பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கு முழுசாக நினைவில்லை. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன் என்று அவள் சொல்கிறாள். எனக்கு நினைவிருப்பது கால் வழுக்கியதும், இரண்டு பேரும் பாத்திக்குள் இறங்கியதும்தான். கணுக்கால் ஆழம், சுடச்சுட உப்புத் தண்ணீர். அதில் நின்றுகொண்டும் சிரித்தோம். வரப்பு முனையில் போய்க்கொண்டிருந்த உப்பு லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, இன்னா ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்லண்ணா" என்றாள் அவள். "சிக்னல் கெடைச்சிடுச்சு."

"அங்க நல்லாத்தான் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் லாரியை எடுத்தார்.

அவர் போன பிறகு அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "அண்ணி, என் விஷயத்த நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க. உங்க விஷயத்த நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்புவதற்குள் புடவைகள் காய்ந்து, கீழ்க்கரை விறைப்பாக வெள்ளை பூத்திருந்தது. வாசலிலேயே அம்மா நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"தலவலின்னான் உன் தம்பி."

"அண்ணிக்கு உப்பளம் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சாம் அத்த" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

"மரக்காணத்துல பொறந்தவளுக்கா?" என்றார் அம்மா.

நான் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் கால் தரையில் படாத மாதிரி இருக்கிறது. அறைக்குள் வந்ததும் இத்தாலிக்காரரும் நானும் கதவைச் சாத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். வெளியே போகும்போது இறுகிய முகத்தோடு போவோம். சண்டை போடுவதையே மறந்துவிட்டோம். அவர் கணக்கில் நானும் என் கணக்கில் அவரும் தப்புத் தேடினோம். தப்பு கிடைக்காத ஒவ்வொரு நாளும் மதியம் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். ஊரிலிருந்து அவள் செய்தி அனுப்புவாள்: "புள்ளி நல்லா இருக்குதா?" ஒரு தடவை தம்பி அதைப் படித்துவிட்டு, புள்ளியைப் 'புள்ள' என்று நினைத்துக்கொண்டு, எனக்குப் போன் செய்து ரொம்ப நேரம் சுற்றி வளைத்துப் பேசினான். அவன் என்ன கேட்கிறான் என்று புரிந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் அங்கிருந்து வெளியே ஓட வேண்டியிருந்தது.

கல்யாணம் நடந்தது. போனேன், ஆடினேன், திரும்பினேன். குளிர்காலம் தொடங்கியபோது மீதிப் பதிவுகளையும் சேர்த்தோம். இந்த முறை இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து திறந்தோம். நிஜமாகவே துகள் இருந்தால் பதிவு கூடக்கூடப் புள்ளிகள் இன்னும் உயர வேண்டும். அவை இறங்கியிருந்தன. பட்டையின் நெற்றியில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்திருந்தன. தாயம் ஆடும்போது தொடர்ந்து தாயமாக விழுமே, நமக்கு இன்று அதிர்ஷ்டம் என்று நினைப்போமே, அப்படி விழுந்த ஓட்டம்தான் முதலில் பார்த்தது.

இத்தாலிக்காரர் ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "நம் கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பார்" என்றார். பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் நாங்கள் சொன்ன இடத்தில். இவ்வளவு கச்சிதமாக ஒன்றுமில்லாமல் போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பக்கத்து அறையிலிருந்து வந்து, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தோம்.

அன்று அவளுக்குப் போன் செய்தேன்.

"உக்காந்துடுச்சா அண்ணி?"

"எல்லாம் உக்காந்துடுச்சு."

"அப்ப துகளே இல்லையா?"

"அந்தக் கனத்துல இல்ல. அதவிடக் கனமா இருக்கலாம். இல்ல, வேற மாதிரி ஒளிஞ்சிருக்கலாம்."

"அப்ப அடுத்த பெட்டி எப்பன்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான் லீவு போடணும்."

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று அவளிடம் கேட்டேன். கல்லைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் எழுதினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்றேன். "அத்தைக்கு எப்பவோ தெரியும் அண்ணி. தெரியாத மாதிரி இருக்காங்க. நானும் தெரியாத மாதிரி இருக்கேன்" என்றாள்.

துகள் இல்லை என்று சொல்லும் எங்கள் கட்டுரை வெளியானபோது, அவளே அதைப் போனில் திறந்து அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். வீடியோவில் என்னை அழைத்தார்கள்.

"கெடைக்கலன்றத எழுதறதுக்கா இத்தன பேரு?" என்றார் அம்மா. எங்கள் கட்டுரையில் பெயர்ப் பட்டியலே பக்கம் பக்கமாக ஓடும். கருவியைக் கட்டியவர்கள், காத்தவர்கள், எண்ணியவர்கள் என்று எல்லோர் பெயரும் இருக்கும். "கல்யாணப் பத்திரிகைல சித்தப்பா பேரு விட்டுப் போச்சுன்னு எவ்ளோ சண்ட. இங்க ஒருத்தரயும் விடலயே."

"உன் பேரு எங்கடி?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உருட்ட ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்த, அவசரப்படாதீங்க, இன்னும் நாலு பக்கம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.